பழி கத்தியின் மேல்

தமிழில் மருத்துவமனையைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. கதைகளில் மருத்துவர் வருவார், செவிலியர் வருவார், வராந்தாவில் கால்கடுக்க நிற்கும் உறவினர் வருவார். ஆனால் அறுவை அரங்கிலிருந்து ஒரு சிறு புட்டியில் வெளியேறும் சதைத் துணுக்கு எங்கே போகிறது, அதை யார் வாங்கிக்கொள்கிறார், 'புற்றுநோய்தான்' என்றோ 'இல்லை' என்றோ வரும் சொல் எந்தக் கையின் வேலையிலிருந்து புறப்படுகிறது என்பதெல்லாம் நான் வாசித்தவரையில் அதிகம் எதிர்ப்பட்டதில்லை. இக்கட்டுரை அந்தத் துணுக்கைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், அதை வெட்டும்போது நேரும் கோளாறுகளையும் அவற்றுக்கு யாரைப் பொறுப்பாக்குகிறோம் என்பதையும் பற்றியது. பொருள் சற்று வறண்டது என்று வாசகர் எண்ணக்கூடும். ஆனால் பயாப்ஸி என்ற சொல் நுழையாத குடும்பம் இன்று நம்மிடையே அதிகம் இல்லை.

பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு இந்த வேலையின் முதல் பாடம் தெரிந்திருக்கும். தண்டை இடக்கை விரல்களுக்கிடையே பிடித்து, நீரில் நனைத்த சவர பிளேடால் சீவி, சீவல்களைக் கண்ணாடித் தட்டில் மிதக்கவிட்டு, இருப்பதிலேயே மெல்லியதைத் தூரிகை நுனியால் எடுத்து சாஃப்ரனின் சாயமிடுவோம். இலையானால் அது தனியே நிற்காது. உருளைக்கிழங்குத் துண்டைக் கீறி அதன் நடுவே செருகி, கிழங்கோடு சேர்த்து வெட்டுவோம். பத்து வெட்டினால் ஒன்று தேறும். மருத்துவ ஆய்வகத்தில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். கிழங்கின் இடத்தில் பாரஃபின் மெழுகு. விரல்களின் இடத்தில் மைக்ரோடோம் என்னும் எந்திரம். இன்று நாம் காணும் சக்கரம் சுழற்றும் மைக்ரோடோம் 1880களில் உருவானது. அமெரிக்கரான சார்லஸ் மைனாட்டின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படும்.

உடலிலிருந்து எடுத்த திசு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். இதைப் பதப்படுத்தல் என்கிறோம்; அழுகலையும் செல்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்வதையும் நிறுத்துவது இந்த நிலைதான். ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் புளூம் 1893இல் இதன் பயனை எழுதினார். ஃபார்மலின் பட்ட தம் விரல்தோல் விறைத்துப்போனதைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். பதப்பட்ட திசுவைப் படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் வைத்து நீரை வெளியேற்றுவார்கள். பிறகு சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும். உருகிய மெழுகு சைலீனின் இடத்தைப் பிடிக்கும். மெழுகு இறுகியதும் கிடைக்கும் சிறு கட்டியை ஆய்வகத்தில் பிளாக் என்பார்கள். அந்த பிளாக்கைத்தான் மைக்ரோடோமில் பூட்டி மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் வெட்டுகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவே ஏறக்குறைய ஏழு மைக்ரான். அதைவிட மெல்லிய வெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நாடாபோல வர வேண்டும். அதை ரிப்பன் என்பார்கள். ரிப்பனை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயமிட்டால்தான் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

இந்த ரிப்பன் எளிதில் வருவதில்லை. வராதபோது முதலில் பழி விழுவது கத்தியின் மேல்; அடுத்ததாக, கத்தியைப் பிடித்திருக்கும் டெக்னீஷியன் மேல். இந்தப் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது என்பதும், அதனால் பாதிக்கப்படுவது நோயாளிதான் என்பதும் என் கருத்து.

கத்தியால் வரும் கோளாறுகள் இல்லை என்று சொல்லவில்லை. ரிப்பனில் நெடுக்காக ஒரு கீறல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேடின் விளிம்பு ஓரிடத்தில் உடைந்திருக்கலாம். அல்லது திசுவுக்குள் சுண்ணாம்புப் படிவோ, பழைய அறுவையின் தையல் நூலோ கிடக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பிளேடைச் சற்று நகர்த்தி விளிம்பின் புதிய பகுதியில் வெட்ட வேண்டும். கீறல் மறைந்தால் குறை பிளேடில். புதிய விளிம்பிலும் திசுவின் அதே இடத்திலிருந்து கீறல் புறப்பட்டால் குறை பிளாக்குக்குள். சுண்ணாம்பு என்றால் பிளாக்கின் முகப்பைச் சிறிது நேரம் அமிலக் கரைசலில் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.

ரிப்பனில் குறுக்காகத் தடித்தும் மெலிந்தும் வரிகள் விழுந்தால் பிளாக்கையோ பிளேடையோ பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கும். அல்லது பிளேடு சாய்ந்திருக்கும் கோணம் மிகுந்திருக்கும். ரிப்பன் ஒருபுறமாக வளைந்தால் பிளாக்கின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இணையாக இல்லை. சீவிச் சரிசெய்தால் போதும். வெட்டு ஒடுங்கிச் சுருங்கினால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது மெழுகு வெப்பத்தில் இளகியிருக்கும். சக்கரம் மேலேறும்போது வெட்டு பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு போனால் பிளேடின் பின்புறம் மெழுகு படிந்திருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். கோணத்தையும் பார்க்க வேண்டும். மிதக்கவிடும் நீரை ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னும் துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரு நோயாளியின் துணுக்கு இன்னொருவரின் ஸ்லைடில் ஏறிவிடும். இது முற்றிலும் வெட்டும் அறையின் பொறுப்பு; மன்னிக்க முடியாததும்கூட.

திருநெல்வேலியின் பருவம் இந்தக் கோளாறுகளுக்குத் தன் பங்கையும் சேர்க்கிறது. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38, 39 பாகையைத் தொடும் ஊர் இது. ஆய்வகத்தில் பயன்படும் மெழுகு பெரும்பாலும் 56 முதல் 60 பாகைக்குள் உருகுவது. உருகாவிட்டாலும் இந்த வெப்பத்தில் அது இளகும். இளகிய மெழுகு, தான் ஏந்தியிருக்கும் திசுவைவிட மென்மையாகிவிட்டால் வெட்டு கசங்கும். ஆகவே பனிக்கட்டித் தட்டில் பிளாக்குகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குளிர்சாதனம் இல்லாத அறையில் மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். நான்கு மைக்ரான் ரிப்பன் விசிறிக் காற்றுக்கு நிற்காது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் நெல்லைக்கு வறண்ட வீச்சையும் கொண்டுவருகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் நிலைமின்சாரம் மிகும். ரிப்பன் பிளேடிலும் கையிலும் எழும்பி ஒட்டும். அப்போது பிளாக்கின் மேல் வாயைக் குவிக்காமல் மெல்ல மூச்சு விடுவார்கள். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் போதும். பாடநூலிலும் உள்ள உத்திதான் இது. ஆனால் எந்தக் கணத்தில் எவ்வளவு மூச்சு என்பதைக் கைதான் கற்கும்.

இவையெல்லாம் அறைக்குள்ளேயே தீர்பவை. தீராதவை வேறு வகை. வெட்டின் ஓரம் நன்றாக இருக்கிறது, நடுப்பகுதி மட்டும் குழிந்து உதிர்கிறது. அல்லது நீரில் விட்டதும் நடுப்பகுதி கரைந்து சிதறுகிறது. அல்லது திசு முழுவதுமே காய்ந்த அப்பளம்போல் நொறுங்குகிறது. பிளேடை மாற்றினாலும், கோணத்தை மாற்றினாலும், பனிக்கட்டியில் வைத்தாலும் மாற்றமில்லை. இவ்வூர்ப் பக்கம் மூத்த டெக்னீஷியனை இளையவர்கள் அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்கள். "அண்ணாச்சி, பிளேடு மாத்தியாச்சு, இன்னும் உதிருது" என்று ஒருவர் சொன்னால், "பிளேட விடுலே, பாட்டில் எங்கேருந்து வந்துதுன்னு பாரு" என்பதுதான் விடையாக இருக்கும்.

அந்த விடைக்குப் பின்னே தெளிவான தர்க்கம் இருக்கிறது. அதே எந்திரத்தில், அதே பிளேடில் இன்னொரு நோயாளியின் பிளாக்கைப் பூட்டி வெட்டிப் பார்க்க வேண்டும். அது நன்றாக வந்தால் எந்திரமும் பிளேடும் கையும் குற்றமற்றவை. குறை அந்தத் திசு கடந்துவந்த வழியில் இருக்கிறது. ஒரு நிமிடச் சோதனை. அதைச் செய்தபின் யாரும் கத்தியைக் குறைசொல்ல முடியாது.

அப்படியானால் வழியில் என்ன நடந்தது? ஃபார்மலின் திசுவுக்குள் நுழையும் வேகம் தொடக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஆழம் செல்லச் செல்ல இன்னும் மெதுவாகும். அகற்றிய மார்பகத்தையோ கருப்பையையோ கீறித் திறக்காமல் முழுதாக ஃபார்மலினில் போட்டால், வெளிப்புறம் பதப்பட்டுவிடும். உள்ளே அழுகல் தொடரும். பதப்படாத அந்த உட்பகுதிக்குள் மெழுகு ஒழுங்காக ஏறாது. மறுநாள் மைக்ரோடோமில் நடுப்பகுதி உதிர்வது இதனால்தான். ஃபார்மலினின் அளவு திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும், இருபது மடங்கு என்றால் நல்லது. கைக்குக் கிடைத்த சிறு புட்டியில் திசுவைத் திணித்து, மிச்ச இடத்தில் மட்டும் ஃபார்மலின் ஊற்றினால் அது பெயரளவுக்குத்தான். ஃபார்மலின் இல்லையென்று உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவதும் உண்டு. அது திசுவைக் காப்பதில்லை. ஸ்பிரிட்டில் போட்டால் திசு சுருங்கி விறைக்கும், பிறகு நொறுங்கும். குறுகிய வாய்ப் புட்டியில் புதுத் திசு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்; பதப்பட்டு இறுகியபின் வெளியே வராது, புட்டியை உடைக்க வேண்டும். இவை எந்த ஒரு மருத்துவமனையையும் குறித்துச் சொல்பவை அல்ல. உலகெங்கும் ஆய்வகக் கையேடுகள் திரும்பத் திரும்ப எச்சரிப்பவை இவைதாம்.

பொருநைக் கரையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியையும் அதைச் சுற்றி வளர்ந்த தனியார் மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் நம்பியிருக்கும் பரப்பு பெரியது. அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர், திருச்செந்தூர் என்று நாலாபுறமும் ஊர்கள். சிறு ஊர்களின் மருத்துவமனைகளில் அறுவை நடக்கும். திசுவைச் சோதிக்க நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பல நேரங்களில் கொண்டுவருபவர் நோயாளியின் மகனோ தம்பியோதான். கையில் ஒரு பிளாஸ்டிக் பையும், அதற்குள் ஒரு புட்டியும், ஒரு சீட்டும். பேருந்தில் இரண்டு மணி நேரம். அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன திரவம், எப்போது ஊற்றியது, போதுமான அளவா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

பத்தமடையில் பாய் நெய்பவர்களுக்கு இந்த உண்மை புதிதல்ல. கோரையைப் பல நாள் ஆற்றுநீரில் ஊறவைத்து, கிழித்து, மெல்லிய இழையாக்கிய பிறகுதான் தறிக்கே வரும். ஊறல் தவறிய கோரையைத் தறியில் எவ்வளவு தேர்ந்த கையாலும் பட்டுப்போல் நெய்ய இயலாது. அங்கே நெசவில் குறை கண்டால் ஊறலை விசாரிப்பது இயல்பு. ஏனெனில் ஊறவைப்பவரும் நெய்பவரும் பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே தெருவில் இருப்பவர்கள். மருத்துவத்தில் திசுவை ஊறவைப்பவர் ஒரு கட்டடத்தில், வெட்டுபவர் நாற்பது மைல் தள்ளி இன்னொன்றில். இருவரும் சந்தித்துக்கொள்வதில்லை. வெட்டுபவர் கண்ட குறை ஊறவைப்பவர் காதுக்குப் போவதில்லை.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணம் சாட்சி. மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. இருந்தால் டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மருந்து பலன் தரும். 1997 முதல் 2005 வரை அங்கு செய்யப்பட்ட சோதனைகளில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முடிவு தவறாகத் தரப்பட்டது. ஏற்பிகள் இருந்தும் இல்லை என்று சொல்லப்பட்டதால் பலருக்கு அந்த மருந்து கிடைக்கவேயில்லை. 2005இல் ஒரு நோயாளியின் சோதனையை மறுபடி செய்தபோது முடிவு மாறியதில் விஷயம் வெளிப்பட்டது. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை அளித்தது. பழுதடைந்த எந்திரம் ஒன்றையோ கவனமற்ற ஊழியர் ஒருவரையோ சுட்டி அது முடிந்துவிடவில்லை. தரக் கட்டுப்பாடு இல்லாமை, பயிற்சிக் குறைவு, திசுவைப் பதப்படுத்தியதில் ஒழுங்கின்மை என்று வழிநெடுகக் குறைகள் இருந்தன. இன்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள், மார்பகத் திசு உடலைவிட்டு வெளிவந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் சேர வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. நம் பேருந்துப் பயணியின் கையிலிருக்கும் சீட்டில் இந்த நேரங்களை எழுத ஓர் இடம் இருக்கிறதா?

எந்திரங்கள் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்பார்கள் சிலர். வந்தும் இருக்கின்றன. எஃகுக் கத்தியைக் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிய காலம் போய், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடு வந்துவிட்டது. ஆல்கஹாலையும் மெழுகையும் இரவோடு இரவாக மாற்றித் தரும் தானியங்கிகள் வந்துவிட்டன. ஆனால் பதப்படாத திசுவைப் பதப்பட்டதாக மாற்றும் எந்திரம் எதுவும் இல்லை. முதல் சில மணி நேரத்தில் கெட்டது கெட்டதுதான். மறுபடி வெட்டலாம், மறுபடி சாயமிடலாம். சிறு பயாப்ஸியானால் அதற்கும் திசு மிஞ்சாது. நோயாளியை மறுபடி ஊசிக்கோ கத்திக்கோ அழைப்பதுதான் மிச்சம்.

டெக்னீஷியன் மருத்துவருக்குச் சொல்வதா என்ற தயக்கம் இன்னொன்று. இதைத்தான் நான் கடுமையாக மறுக்க விரும்புகிறேன். அறிக்கையில் கையெழுத்து மருத்துவருடையது, அது சரிதான். ஆனால் நூற்றுக்கணக்கான பிளாக்குகளைத் தொட்டு, எந்த ஊரிலிருந்து வருபவை உதிர்கின்றன, எந்த அரங்கிலிருந்து வருபவை நன்றாக வெட்டுப்படுகின்றன என்று அறிந்திருப்பவர் மைக்ரோடோமின் முன் அமர்ந்திருப்பவர்தான். அவர் அறிவு அந்த நாற்காலியோடு நின்றுவிடுகிறது. ஃபார்மலின் ஆவியைப் பணிக்காலமெல்லாம் சுவாசிப்பவரும் அவரே. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்தது. இவ்வளவு விலை கொடுத்துச் சேர்ந்த அறிவு மேல்நோக்கிப் போக ஒரு வழி வேண்டும். 'நடுப்பகுதி பதப்படவில்லை, கீறித் திறந்து அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதிய துண்டுச்சீட்டு, அறிக்கையோடு சேர்ந்து அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை.

அந்தத் துண்டுச்சீட்டு தமிழில் இருக்க வேண்டும் என்பது என் இரண்டாவது வற்புறுத்தல். அறுவை அரங்கில் புட்டியில் ஃபார்மலின் ஊற்றுபவர் அறுவை நிபுணர் அல்லர். செவிலியரோ அரங்க உதவியாளரோதான். பையைத் தூக்கி வருபவர் நோயாளியின் உறவினர். பேங்க்ராஃப்டின் பெருநூல் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. தமிழில் இது இயலுமா என்று கேட்பவர்கள், 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்ததையும், கிரேயின் உடற்கூற்று நூல் உள்ளிட்டவற்றைத் தமிழாக்கியதையும் நினைத்துப்பார்க்கலாம். தாமிரபரணியின் கீழ்ச்சமவெளியில் பெருங்குளத்தில் பிறந்த பெ. நா. அப்புசாமி, 1986இல் மறையும்வரை அறிவியலைத் தமிழில் சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தார். இவ்வளவு முன்மாதிரி இருக்கும்போது, புட்டியின் வாய் அகலமாக இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி அரங்கின் சுவரில் ஒட்டுவது கடினமான காரியமன்று. இலக்கிய வாசகர்களாகிய நாம் கலைச்சொல் தூயதா, கலப்பா என்று நெடுநேரம் வாதாடுகிறோம். நுண்சீவி என்று எழுதினாலும் மைக்ரோடோம் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்குத் திசு எடுத்து, புட்டியை உங்கள் கையில் தந்தால் சில கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா? திசு அதில் தாராளமாக மூழ்கியிருக்கிறதா? எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு இதில் போட்டது? நோயாளியின் பெயர் மூடியில் அல்லாமல் புட்டியின் உடம்பிலேயே எழுதியிருக்கிறதா? மூடி கழன்றால் பெயரும் போய்விடும். நேரங்களைச் சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். திறந்து பார்க்க வேண்டாம், வெயிலிலும் வைக்க வேண்டாம். தாமதிக்காமல் கொண்டு சேருங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்பதால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது. மறுநாள் அந்தத் துணுக்கைப் பனிக்கட்டித் தட்டிலிருந்து எடுத்து மைக்ரோடோமில் பூட்டப்போகும், உங்களை ஒருபோதும் சந்திக்காத ஒருவர் கேட்க விரும்பும் கேள்விகள்தாம் இவை.